டாக்டர்களின் கணிப்பை ரெண்டு முறை பொய்யாக்கிய திருச்சிக்காரர்: சி.வி.ராமனும் இன்றைய ‘எக்கோ’வும்

கோவிட் காலத்தில் மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆன பலருக்கு, நுரையீரல் ஸ்கேனோடு இதயத்துக்கு எக்கோவும் எடுத்தார்கள். நோய் நுரையீரலில் இருக்க, இதயத்தை ஏன் பார்க்கணும்? சர் சி.வி.ராமனின் கதையிலிருந்து தொடங்கலாம்.

முதல் கணிப்பு

ஸ்ரீரங்கம் தீவிலுள்ள திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ல் பிறந்தவர் ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்ததும், இங்கிலாந்து போய்ப் படிக்கச் சொன்னார்கள் ஆசிரியர்கள். உடம்பைப் பரிசோதித்த சிவில் சர்ஜனோ, இந்த ஒல்லிப் பையன் அங்குள்ள குளிரைத் தாங்க மாட்டான் என்று தடுத்துவிட்டார்.

ராமன் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரி ஆனார். ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆய்வகம்தான். வீணை, மிருதங்கத்தின் ஒலியை அங்கே ஆராய்ந்தார். 1917-ல் அரசு வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1921-ல் இங்கிலாந்து போய் நல்லபடியாகத் திரும்பியும் வந்தார். அந்தக் கப்பல் பயணத்தில் பார்த்த கடலின் நீல நிறம் ஏன் என்ற கேள்விதான், 1928-ல் ராமன் விளைவிலும் 1930-ல் நோபல் பரிசிலும் போய் முடிந்தது.

எக்கோவுக்கும் ராமனுக்கும் என்ன தொடர்பு?

எக்கோவைக் கண்டுபிடித்தவர் ராமன் அல்ல. அது 1953-ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் இருவரும் தொடங்கிவைத்தது. ஆனால் எக்கோவின் அடிப்படையான அல்ட்ராசவுண்ட், ஒரு திரவத்தில் பாயும்போது அதன் வழியே போகும் ஒளி எப்படிப் பல கதிர்களாகப் பிரிகிறது என்பதை 1935-36-ல் பெங்களூருவில் விளக்கியவர்கள் ராமனும் நாகேந்திர நாத்தும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒலியை ஒளியால் அளக்க இந்த விளக்கம் உதவுகிறது.

இரண்டாவது கணிப்பு

1970 அக்டோபர் இறுதியில் இதயம் பாதிக்கப்பட்டு ஆய்வகத்திலேயே சரிந்தார் ராமன். சில மணி நேரம்தான் தாங்குவார் என்றார்கள் டாக்டர்கள். ஆனால் நவம்பர் 21 வரை இருந்தார்.

இன்று எப்படிக் கணிக்கிறார்கள்?

இதயத்தின் வலது கீழறைதான் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது. வைரஸால் நுரையீரல் கெட்டால், அங்கே அழுத்தம் கூடி அந்த அறை திணறும். எக்கோ அதைக் காட்டிவிடும். 2020-ல் வூஹானில் 120 கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வலது அறையின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகமாக இருந்தது.

ஆனாலும் எக்கோ சொல்வது தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மட்டுமே. யாரைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கணும் என்பதை அது முன்கூட்டியே சொல்லும். அதையும் மீறிப் பிழைத்து வருபவர்கள் இருக்கிறார்கள்.