மாணவரை எழுப்பிய ஆசான்

மாணவர் சங்கங்களைப் பற்றி எண்ணுந்தோறும் ஹண்டி பேரின்பநாயகம் அவர்களை நாம் நினைவுகூர்தல் கடன். 1899ஆம் ஆண்டு பிறந்த இப்பெரியார், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று, அங்கேயே ஆசிரியரானார். 1924இல் மாணவர் காங்கிரஸ் தோன்ற முன்னின்றுழைத்தார். அதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸாயிற்று. சாதிபேதம் ஒழிதலும், தாய்மொழிக் கல்வியும், பூரண சுயராச்சியமும் அதன் நோக்கங்கள்.

1927இல் அதன் அழைப்பையேற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். 1931இல் டொனமூர் யாப்பு சுயராச்சியம் தரவில்லையெனக் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்களுக்கு எவரும் முன்வரவில்லை. அம்முடிவு தகுமோவென வாதிப்போர் இன்றும் உளர்.

1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த அவர், 1977இல் மறைந்தார்.

சாதிபேதம் எம்மிடையே இன்னும் முற்றாக அகலவில்லை. சங்க மேடையிற் பேசுவதை வீட்டிலும் வீதியிலும் நாம் கைக்கொள்வதே அவருக்கேற்ற அஞ்சலி.