எல்.இ.டி மாஸ்க் வாங்கப் போறீங்களா? வெளிச்சத்தை மருந்தாக்கிய ஃபின்சென் கதையைப் படிச்சிட்டு ஆர்டர் போடுங்க!

செஞ்சியில் எதுக்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு மட்டும் வராது. காலை 10 மணிக்கு ராஜகிரி படியில் ஏறினால், பாறைச் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலைத் தொடும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் ஏறிய கோட்டை. ஆனாலும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டியிருக்கு. செல்ஃபிக்கு மட்டும் துப்பட்டா இறங்கும்.

அதே போனில் ராத்திரி ரீல்ஸ் தள்ளும்போது வேற ஒரு வெளிச்சம் வரும். சிவப்பு, நீலம்னு பளபளக்கிற பிளாஸ்டிக் முகமூடி. தினமும் 10 நிமிஷம் போட்டால் பரு போகும், தழும்பு மறையும், முகம் கண்ணாடியாகும்னு சொல்றாங்க. விலை சில ஆயிரத்தில் தொடங்கி ஒரு மாதச் சம்பளம் வரைக்கும் போகுது. வெயிலை மறைக்க ஒரு செலவு, வெளிச்சம் வாங்க இன்னொரு செலவு!

இது ஏமாத்து வேலையா, நிஜமாவே வேலை செய்யுமா? இந்தக் கேள்விக்கு நல்ல பதில், 120 வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன ஒரு டாக்டரின் வாழ்க்கையில் இருக்கு. பெயர் நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சென். வெளிச்சத்தால் தோல் நோயைக் குணமாக்கி நோபல் பரிசு வாங்கியவர்.

வெளிச்சம் இல்லாத ஊர்ப் பையன்

ஃபின்சென் 1860 டிசம்பர் 15-ல் ஃபேரோ தீவுகளில், டோர்ஸ்ஹவ்ன் என்ற ஊரில் பிறந்தார். வட அட்லான்டிக் கடலின் நடுவில், டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம் அது. டிசம்பரில் அங்கே பகல் என்பதே சுமார் 5 மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகமும் மழையும். செஞ்சியில் வருஷத்தின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்துக்கு மேல் என்பதை நினைத்துக்கொண்டு படிங்க.

அப்பா அரசு அதிகாரி, ஐஸ்லாந்துக் குடும்பம். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். டென்மார்க்கில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள், படிப்பு ஏறவில்லை. பிறகு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்குக்கு மாற்றினார்கள். அங்கேயும் முதல் மாணவர் எல்லாம் இல்லை. 1882-ல் பள்ளியை முடித்தபோது 15 பேரில் 11-வது இடம்.

டோர்ஸ்ஹவ்னில் ஒரு பாறையில் சிறுவன் ஃபின்சென் தன் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார். இன்றைக்கு அந்தப் பாறையே அவருக்கு நினைவுச்சின்னம். (செஞ்சியில் இதை முயற்சி பண்ணிடாதீங்க. தொல்லியல் துறை நினைவுச்சின்னம் வைக்காது, கேஸ்தான் போடும்.)

உடம்பே கேட்ட கேள்வி

கோபன்ஹேகனில் மருத்துவம் படிக்கப் போன கொஞ்ச காலத்திலேயே அவருக்கு உடம்பு கெட ஆரம்பித்தது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை, கல்லீரல், மண்ணீரல் இவற்றின் சவ்வுகள் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும் நோய். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், ரத்தசோகை, எப்போதும் அசதி. வயது அப்போது இருபத்து சொச்சம்.

அவர் தங்கிய வீடு வடக்கு பார்த்தது, வெயில் உள்ளே வராது. வெளியே போய் வெயிலில் நின்றால் உடம்பு கொஞ்சம் தேவலாம் போலத் தெரிந்தது. நிழல் நகர நகர வெயில் இருக்கும் இடத்துக்கே பூனை நகர்ந்து படுப்பதையும் அவர் கவனித்தார் என்பார்கள். நாமாக இருந்தால் பூனையைப் போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்திருப்போம். அவருக்கு அதில் ஒரு கேள்வி பிடிபட்டது. வெயிலில் இருக்கும் எது உடம்புக்கு வேலை செய்கிறது? சூடா, இல்லை ஒளியா? ஒளி என்றால் எந்த நிறம்?

எல்.இ.டி சாதனம் வாங்குகிற நமக்கும் இதுதான் முதல் கேள்வி. 'ஏழு கலர் தெரபி' என்று போட்டிருந்தால் ஏழு மடங்கு பலன் என்று அர்த்தம் இல்லை. அதில் பச்சை, மஞ்சள், ஊதாவுக்கெல்லாம் ஆதாரம் ரொம்ப மெலிசு. நிறத்தின் பெயரை விட்டுட்டு எண்ணைப் பாருங்க. பருவுக்கு நீலம் என்றால் சுமார் 415 நானோமீட்டர். வீக்கம் தணியவும் மெல்லிய சுருக்கங்களுக்கும் சிவப்பு என்றால் சுமார் 630. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்றால் சுமார் 830. பெட்டியில் இந்த எண்ணே இல்லையா? அது முகத்துக்குப் போடுற சீரியல் லைட், அவ்ளோதான்.

சிவப்பு அறை சொதப்பியது

1890-ல் டாக்டர் பட்டம் வாங்கிய ஃபின்சென், உடற்கூறு பாடம் நடத்தும் வேலையில் இருந்தார். 1893-ல் அதை விட்டுவிட்டு முழு நேரமும் ஒளி பக்கம் வந்தார். அந்த வருஷம்தான் பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரை கட்டிய அறையில் வைக்கச் சொல்லி எழுதினார். நீல, புற ஊதாக் கதிர்கள் கொப்புளத்தை மோசமாக்கும், அவற்றைத் தடுத்தால் தழும்பு குறையும் என்பது அவர் கணிப்பு. ஐரோப்பாவே பரபரப்பானது. ஆனால் மற்ற டாக்டர்கள் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. சிவப்பு அறை காணாமல் போனது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியே இதுதான். பின்னாளில் நோபல் வாங்கப்போகிற ஆளுக்கே ஒரு நிறம் சரியாக வந்தது, இன்னொன்று வரவில்லை. ஓர் இன்ஃப்ளூயன்ஸர் முகத்தில் மின்னுகிற 'பிஃபோர் ஆஃப்டர்' படத்தை எவ்வளவு நம்பலாம்னு நீங்களே சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் மாறினாலே அந்தப் படம் மாறிடும்.

ஓநாய் கடித்த முகங்கள்

அந்தக் காலத்து ஐரோப்பாவில் 'லூபஸ் வல்காரிஸ்' என்றொரு நோய் இருந்தது. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குப் பதிலாகத் தோலைப் பிடிக்கும். மூக்கு, கன்னம், உதடு என்று வருஷக்கணக்கில் மெல்லத் தின்னும். லூபஸ் என்றால் லத்தீனில் ஓநாய். வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார்கள், வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது. சூடு போட்டும் சுரண்டியும் பார்த்தார்கள், புண்தான் பெரிதானது. (இன்று நாம் லூபஸ் என்று சொல்வது எஸ்.எல்.இ என்ற வேறு நோய். அது இருக்கிறவங்களுக்கு வெளிச்சமே ஆகாது. இந்தச் சாதனங்கள் பக்கமே போக வேண்டாம்.)

ஒளி தோலுக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க, ஃபின்சென் ஒரு எளிய சோதனை செய்தார். காதுமடலின் ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் போட்டோ காகிதம். 5 நிமிஷம் ஆகியும் காகிதம் கறுக்கவில்லை. காதை இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் அழுத்தி ரத்தத்தை வெளியேற்றியதும், அரை நிமிஷம்கூட ஆகாமல் கறுத்துவிட்டது. நீல ஒளியை ரத்தமே வழியில் குடித்துவிடுகிறது என்று புரிந்தது.

1895 நவம்பரில், கோபன்ஹேகன் மின் நிலையத்தில் வேலை பார்த்த ஓர் இன்ஜினீயரின் முகத்தில் முதல் சிகிச்சை. பல வருஷமாக எந்த வைத்தியமும் பலிக்காத லூபஸ். மின் நிலையத்திலேயே கார்பன் ஆர்க் விளக்கைக் கொளுத்தி, ஒளியைக் குவித்து, தினமும் காட்டினார்கள். சில மாதங்களில் புண் ஆறத் தொடங்கியது. அடுத்த வருஷமே, 1896-ல், ஃபின்சென் ஒளி மருத்துவ நிலையம் பிறந்தது.

அங்கே சிகிச்சை நடந்த விதம் சாதாரணம் இல்லை. நடுவில் ஒரு பெரிய ஆர்க் விளக்கு. அதிலிருந்து நான்கு தொலைநோக்கி மாதிரிக் குழாய்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயாளி. தோல் வெந்துவிடாமல் இருக்கக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும். ரத்தம் ஒதுங்குவதற்காகக் குளிர்ந்த வில்லையைப் புண்ணின் மேல் அழுத்திப் பிடித்தபடி ஆளுக்கு ஒரு நர்ஸ், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு. ஒரு நாளைக்கு ஒரு சிறிய வட்டம், சுமார் ஒரு மணி நேரம். முகம் முழுக்க முடிய மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். டென்மார்க் இளவரசியாகப் பிறந்து இங்கிலாந்துக்கு மருமகளாகப் போன அலெக்ஸாண்ட்ரா, 1900-ல் லண்டன் மருத்துவமனைக்கு இந்த விளக்கைக் கொண்டு சேர்த்தார்.

அந்த விளக்கு முன்னாடி நம்ம மாஸ்க்கை வெச்சுப் பார்ப்போம். தோலில் விழும் ஒளியின் வலிமையையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் டோஸ். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட், 10 நிமிஷம் என்றால் 18 ஜூல். அதே 10 நிமிஷம், ஆனால் 3 மில்லிவாட் என்றால் 1.8 ஜூல்தான். பாதி விளம்பரங்கள் எத்தனை பல்பு என்று மட்டும் சொல்லும், வலிமையைச் சொல்லாது. கேட்டும் பதில் வரலைன்னா விட்டுடுங்க. அப்புறம் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காரணும். மூக்கு பெரிதாகி கன்னத்துப் பக்கம் இடைவெளி விழுந்தால், அங்கே ஒளி குறையும். 3 நாளில் மாற்றம் என்பதும் கதை. வீட்டுச் சாதனம் வாரத்துக்குப் பல நாள் என்று 8 முதல் 12 வாரமாவது கேட்கும்.

2005-ல் ஒரு ட்விஸ்ட்

புற ஊதாக் கதிர்தான் கிருமியைக் கொல்கிறது என்று நம்பினார் ஃபின்சென். 100 வருஷம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 2005-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பழைய விளக்குகளையும் வில்லைகளையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். கிருமியைக் கொல்லும் குறுகிய புற ஊதாக் கதிர் அவற்றைத் தாண்டி வரவே இல்லை! வந்ததெல்லாம் நீண்ட புற ஊதாவும் ஊதா-நீல ஒளியும். காசநோய்க் கிருமிக்குள் பார்ஃபிரின் என்ற பொருள் இருக்கிறது. அது இந்த ஒளியை வாங்கி, கிருமியையே தாக்கும் ஒருவகை ஆக்ஸிஜனை உண்டாக்கியிருக்கும் என்பது அவர்கள் விளக்கம்.

பருவில் இருக்கும் பாக்டீரியாவுக்குள்ளும் இதே பார்ஃபிரின்தான். நீல எல்.இ.டி வேலை செய்வதும் இதே வழியில்தான். பிரகாசமான நீல எல்.இ.டி-யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஃபின்செனுக்கு ஒரு கூடம் தேவைப்பட்டது, நமக்கு ஒரு யூ.எஸ்.பி ஒயர் போதும்.

ஆனால் எல்லாப் பருவுக்கும் இல்லை. சிவந்து வீங்கிய, லேசான, நடுத்தரப் பருக்களுக்குத்தான் ஓரளவு பலன். உள்ளே கட்டியாக வலிக்கிற பெரிய பருவுக்கும் பள்ளம் விழுந்த தழும்புக்கும் இதை நம்பி உட்காராதீங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்த் தோலுக்கு முக்கியமானது. நீல-ஊதா ஒளி மாநிறம், கறுப்பு நிறச் சருமத்தில் நிறமியைத் தூண்டிக் கறுக்க வைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மங்கு இருக்கிறவங்க, பரு போன இடமெல்லாம் கறுப்பாக நிற்கிறவங்க, நீல மாஸ்க்கைக் கேட்காமல் வாங்கினால் காசு கொடுத்துக் கறுப்பை வாங்கின கதை ஆயிடும். வெள்ளைத்தோல் மாடல் போட்ட விளம்பரம் இதைச் சொல்லவே சொல்லாது.

சக்கர நாற்காலியில் ஒரு நோபல்

1903-ல் மருத்துவ நோபல் ஃபின்செனுக்கு. டென்மார்க்குக்குக் கிடைத்த முதல் நோபல் அது. ஸ்டாக்ஹோம் போய் வாங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலி, வயிற்றிலிருந்து திரும்பத் திரும்ப நீர் எடுக்கும் வேதனை. பரிசுப் பணத்தில் பெரிய பங்கைத் தன் மருத்துவ நிலையத்துக்குக் கொடுத்தார். ஊரார் தோலைக் குணமாக்கிய ஒளியால் அவருடைய இதயத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசி வருஷங்களில் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். சாப்பிட்டது, குடித்தது, வெளியேறியது எல்லாவற்றையும் அளந்து எழுதினார். உடம்பில் உப்பு தேங்குவதைப் பற்றி 1904-ல் அவர் எழுதிய கட்டுரை அந்தக் கணக்கிலிருந்து வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 24-ல் இறந்தார். வயது 43. பின்னாளில் காசநோய்க்கு ஆன்டிபயாடிக் வந்ததும் அவருடைய விளக்குகள் மியூசியத்துக்குப் போயின.

அந்த நர்ஸுகளின் கறுப்புக் கண்ணாடியை மட்டும் மறந்துடாதீங்க. 2019-ல் நியூட்ரோஜீனா தன் பரு மாஸ்க்கை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. கண்ணில் ஏற்கெனவே சில பிரச்னைகள் இருப்பவர்களுக்கும், ஒளியைத் தாங்காத தன்மையைத் தரும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற பயம்தான் காரணம். நீங்கள் பருவுக்கு டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின் மாதிரி மாத்திரை எடுத்தால், டாக்டரைக் கேட்காமல் மாஸ்க்கை ஆன் பண்ணாதீங்க. கண்ணை மூடும் தடுப்பு இல்லாத மாடல் வேண்டவே வேண்டாம். 'எஃப்.டி.ஏ கிளியர்டு' என்று போட்டிருந்தால், ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு இணையானது என்று ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் அர்த்தம். உங்க பருவைப் போக்கும்னு கொடுத்த கேரன்ட்டி இல்லை.

செஞ்சியில் இருக்கிறவங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் பிரிவு இருக்கு. பஸ் டிக்கெட் செலவு, மாஸ்க் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. முதல்ல அது பருதானா, மங்கா, வேற ஏதாவதா என்று பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் மாஸ்க் கார்ட்டிலேயே இருக்கட்டும். பகலில் ராஜகிரி ஏறும்போது துப்பட்டாவோடு சன்ஸ்கிரீனும் சேரட்டும்.