தேர்தல் களத்தில் அறிஞர் அண்ணா
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

தேர்தல் வந்தால் நம் வடசென்னைத் தெருக்கள் விழாக்கோலம் பூணும். சுவரெங்கும் சின்னங்கள், சந்துதோறும் ஒலிபெருக்கிகள். வென்றவரை ஊர் தோளில் தூக்கும். தோற்றவரை மறுநாளே மறக்கும். ஆனால் ஒரு தலைவரின் உயரத்தை அளக்க வெற்றி மட்டும் போதாது. தோல்வியிலும் பிரிவிலும் அவர் நடந்துகொண்ட முறையையும் பார்க்க வேண்டும். இதற்குச் சான்றாக நிற்பது பேரறிஞர் அண்ணாவின் வாழ்வு.

காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909 செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்தார். தந்தை நடராசன், தாய் பங்காரு அம்மாள். சிற்றன்னை இராசாமணி அம்மையார் அவரை வளர்த்தார். குடும்ப வறுமையால் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934இல் பட்டம் பெற்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் அந்த எழுத்தர் நாற்காலியோடு அவர் நின்றிருந்தால் நாடு எதை இழந்திருக்கும் என்று அடிக்கடி எண்ணுவேன்.

படித்து முடித்த சில ஆண்டுகளிலேயே நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். ஆக, அண்ணாவின் முதல் தேர்தல் பாடம் தோல்விதான். அதுவும் நம் வடசென்னையில்! அவர் சோர்ந்துவிடவில்லை. தந்தை பெரியாரின் தளபதியானார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றார். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய தீர்மானம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பின்னர்க் கருத்து வேற்றுமை முற்றியது. 1949 செப்டம்பரில் அண்ணாவும் தோழர்களும் பிரிந்து வந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைக் கண்டனர். அதன் தொடக்கப் பொதுக்கூட்டம், கொட்டும் மழையில், நம் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்தது. புதிய கட்சிக்குத் தலைவர் என்று எவரையும் அமர்த்தவில்லை. அந்த நாற்காலி பெரியாருக்கே உரியது என்று காலியாக விட்டுப் பொதுச்செயலாளராகவே அண்ணா பணியாற்றினார். 1955இல் அப்பொறுப்பையும் நாவலர் நெடுஞ்செழியனிடம் ஒப்படைத்தார். 1960இல்தான் மீண்டும் ஏற்றார்.

தேர்தலில் நிற்பதா, வேண்டாமா என்ற கேள்வி எழுந்தபோது அவர் தனித்து முடிவெடுக்கவில்லை. 1956இல் திருச்சி மாநாட்டிற்கு வந்தோரிடமே வாக்குப்பெட்டி வைத்துக் கருத்துக் கேட்கப்பட்டது. நிற்பது என்பதே பெரும்பான்மை. 1957இல் கழகம் 15 இடங்களில் வென்றது. அண்ணா காஞ்சிபுரத்தின் உறுப்பினரானார்.

1962இல் கழகத்தின் பலம் 50 ஆக உயர்ந்தது. ஆனால் அண்ணாவோ சொந்த ஊரிலேயே தோற்றார்! படைத்தலைவன் வீழ்ந்து படை வென்ற கதை அது. அவர் யார்மீதும் பழி போடவில்லை. மாநிலங்களவை உறுப்பினராகத் தில்லி சென்று, அங்கும் தம் நாவன்மையால் மதிப்புப் பெற்றார். அவ்வாண்டில் சீனப் படையெடுப்பு நேர்ந்தது. நாட்டின் நிலையையும் அடுத்து வந்த சட்டத் திருத்தத்தையும் எண்ணிப் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். கட்சியின் மூலக் கொள்கையையே மாற்றும் துணிவு எளிதில் வருவதன்று.

1967 தேர்தலுக்கு அவர் வகுத்த கூட்டணி வியப்புக்குரியது. 1938இல் எவருடைய ஆட்சியில் சிறை சென்றாரோ, அந்த இராசாசியே இப்போது தோழர்! விலைவாசியும் அரிசிப் பஞ்சமும், 1965 மொழிப் போராட்டத்தின் ஆறாத புண்ணும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. 234 இடங்களில் 130க்கும் மேல் கழகமே வென்றது. காமராசர் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அத்தோல்வியில் அண்ணா மகிழவில்லை என்பர். பதவியேற்கும் முன் அவர் முதலில் சென்றது திருச்சிக்கு, பெரியாரைக் காண. பிரிந்த நாள்முதல் 18 ஆண்டுகள் எதிர்த்தவர், அத்தேர்தலிலும் காங்கிரசையே ஆதரித்தவர் பெரியார்!

1967 மார்ச் 6 அன்று முதலமைச்சரானார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பும், இருமொழிக் கொள்கையும், மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயரும் அவர் ஆட்சியின் பயன்கள். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது தேர்தல் வாக்குறுதி. சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசி வழங்கப்பட்டது. நிதிச் சுமையால் மாநிலம் முழுவதற்கும் அதை விரிக்க இயலவில்லை. மேடையில் சொல்வது எளிது, கருவூலத்தைத் திறந்து பார்த்தபின் செய்வது அரிது என்பதை அண்ணாவின் ஆட்சியும் நமக்குக் கற்பிக்கிறது.

புற்றுநோய் அவரை நீண்டநாள் விட்டுவைக்கவில்லை. 1968இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அவர் ஆண்டது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் முதன்முறை வாக்களித்தவர்கள். பலர் வாக்களிக்கப் போகிறவர்கள். தோற்றபோது நிமிர்ந்தும், வென்றபோது பணிந்தும் நிற்பவரே தலைவர் என அண்ணாவின் வாழ்வால் அறிந்தோம். அத்தகையோரைத் தேர்ந்தெடுப்போம். தேர்ந்தெடுத்தபின், சொன்ன மூன்று படியில் எத்தனை படி வந்தது என்று கணக்குக் கேட்கவும் கற்போம். அதுவே வாக்குச்சீட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.