மனக்காயம் ஆற்றிய ரிவர்ஸ்

யுத்தத்தில் குண்டுபட்ட கையைக் கண்டு இரங்காதார் இல்லை. குண்டு படாமலே நடுங்கும் கையைக் கண்டாலோ, உலகம் கோழை என்று இகழும். முதல் மகா யுத்தத்தில் கோழைமை, படையைவிட்டு ஓடுதல் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அக்கொடிய நாளில், மனமுடைந்த போர்வீரரை நோயாளர் என மதித்துப் பேணியவருள் முதன்மையானவர் டாக்டர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்.

இவர் 1864-ல் இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் பிறந்தார். இளமை முதலே திக்குவாயர். லண்டனில் வைத்தியம் பயின்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மனோதத்துவம் போதித்தார். நம் தமிழ்நாட்டுக்கும் இவர் அந்நியரல்லர். 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நீலகிரியில் தங்கி, தோடர்களின் குலமுறைகளையும் சடங்குகளையும் அவர்கள் வாயிலாகவே கேட்டறிந்து, 1906-ல் பெருநூலொன்று வெளியிட்டார். பொறுமையாய்க் கேட்கும் அப்பழக்கமே பின்னர் இவர் வைத்தியத்துக்கு உயிர்நாடியாயிற்று.

1916-ல் எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் ராணுவ அதிகாரிகளுக்குச் சிகிச்சை செய்யலானார். அதிர்ச்சி எல்லோரையும் ஒரேவிதமாய்த் தாக்குவதில்லை என்பதை அவர் கண்டார். சாதாரணச் சிப்பாய்களுக்குக் கைகால் முடங்குதலும் பேச்சு அடைத்தலும் மிகுதி. அதிகாரிகளுக்கோ ஓயாக் கவலையும் கொடுங்கனவும் மிகுதி. அச்சத்தை வெளிக்காட்டலாகாது என்று பயிற்றப்பட்டவர் பகலில் அதனை அடக்குகிறார்; அடக்கியது இரவில் கனவாய் எழுகிறது என்பது அவர் கொள்கை.

பேச்சிழந்தவர்க்கு மின்சாரம் பாய்ச்சிய வைத்தியரும் அக்காலத்தில் இருந்தனர். நடந்ததை மறந்துவிடுமாறு புத்தி கூறியவரோ பலர். ரிவர்ஸ் இவ்விரண்டையும் விடுத்து, நினைவை நேர்நின்று நோக்கி, அதில் தாங்கத்தக்க ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளச் செய்தார். தோழன் உடல் சிதறிக் கிடக்கக் கண்டு கனவில் அலறிய ஒருவருக்கு, அத்தோழன் துன்புறாமல் நொடியில் மாண்டதை உணர்த்தினார். கனவின் கொடுமை தணிந்தது. வேறொருவர் நினைவில் ஆறுதலுக்கு இடமே காணாதபோது, அதனையும் மறையாது எழுதிவைத்தார்.

1917-ல் யுத்தத்தை எதிர்த்து அறிக்கை விடுத்த கவி சிக்ஃபிரிட் சசூன் இவர் பராமரிப்பில் வந்தார். நோயாளரைத் தேற்றி மறுபடியும் கொலைக்களத்துக்கு அனுப்புவது தர்மமா என்ற கேள்வி வைத்தியரையே வாட்டியது. சசூன் களம் திரும்பினார், உயிர் பிழைத்தார். ரிவர்ஸ் 1922 ஜூன் 4-ல் காலமானார்.

இச்சரித்திரம் நமக்குத் தொலைவானதன்று. நேமத்தான்பட்டி முதலிய ஊர்களைக் கொண்ட செட்டிநாட்டார்க்குப் பர்மா தொழிற்பூமியாய் இருந்தது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசியபின் லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். இழந்த சொத்துக்கு ஏடுகளில் கணக்குண்டு. இழந்த உறக்கத்துக்கு யார் கணக்கெழுதினார்? மறந்துவிடு என்பதே அவர்கள் பெற்ற மருந்து. இன்றும் வெள்ளத்திலோ விபத்திலோ கலகத்திலோ உற்றாரை இழந்து வாய்மூடியிருப்போர் நம் தெருவிலும் உளர். அவர்களை வற்புறுத்திப் பேசவைத்தலும் தகாது. பேசமுற்படும்போது தடுத்தலும் தகாது. அருகிருந்து கேட்பதும், தக்க வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமையாகும்.