டாக்டர் ரபியுத்தீன் அகமது

பல் வைத்தியம் கற்க விரும்பும் வாலிபர்களின் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. பிரவேசப் பரீட்சையில் போதிய மார்க்கு வரவில்லை. உள்நாட்டுக் கலாசாலையில் இடம் கிடைக்கவில்லை. இனி ஓராண்டு காத்திருந்து மறுபடியும் மனுச் செய்வதா, அன்றி நிலத்தை அடகு வைத்தேனும் அந்நிய நாடு சென்று கற்பதா? தகப்பனார் ஒன்று சொல்கிறார். தாய்மாமன் வேறொன்று சொல்கிறார். அந்நியப் பட்டமே பட்டம் என்பாரும் உண்டு. கடல் கடந்து கற்பதே சுதேசத்துக்கு இழுக்கு என்பாரும் உண்டு. இவ்விரு சாராரில் எவருடனும் நாம் சேர விரும்பவில்லை. இந்த நாட்டில் பல் வைத்தியக் கல்விக்கு வித்திட்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை வாசகர்கள் முன் வைப்பதே நமது நோக்கம். அச்சரித்திரத்தை அறிந்தபின் இக்கேள்வியை எப்படிக் கேட்கவேண்டும் என்பதாவது தெளிவாகும் என்று நம்புகிறோம்.

டாக்டர் ரபியுத்தீன் அகமது 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் டாக்காவை அடுத்த பிரதேசத்தில் பிறந்தார். டாக்கா மதரஸாவில் இளமைக் கல்வி பயின்று, பின் அலிகார் கலாசாலை சென்று 1908-இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற வாலிபனுக்கு எதிரே இருந்த பாதைகள் சில. சர்க்கார் உத்தியோகம் ஒன்று. வக்கீல் தொழில் மற்றொன்று. வைத்தியம் கற்க விரும்பினால் கல்கத்தாவில் 1835 முதலே மெடிகல் காலேஜ் இருந்தது. ஒருமுறை இடம் கிடைக்காதவன் மறுமுறை மனுச் செய்யலாம். ஆனால் பல் வைத்தியம் கற்க விரும்பியவன் எங்கே மனுச் செய்வான்? முதல் மனுவைக் கொடுப்பதற்கே இந்தியாவில் ஒரு வாசல் இல்லை.

இதன் பொருளை இன்றைய வாசகர்கள் எளிதில் உணரமாட்டார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் பல் வைத்தியத்துக்கென்றே தனிக் கலாசாலை 1840-இல் தோன்றிவிட்டது. அதற்குப் பின் எண்பது ஆண்டுகள் கழிந்தும் இங்கே அத்தகைய ஸ்தாபனம் ஒன்றுகூட ஏற்படவில்லை. பெரிய பட்டணங்களில் துரைமார்களுக்கும் தனவந்தர்களுக்கும் அந்நிய தேசத்தில் பயின்ற வைத்தியர்கள் சிலர் இருந்தார்கள். ஏழை ஜனங்களுக்கோ சந்தையில் குறடும் கையுமாக உட்கார்ந்திருப்பவனே வைத்தியன். சொத்தைப் பல்லை அடைத்துக் காக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது; பிடுங்குவது ஒன்றே அறிந்த சிகிச்சை. ஈறு புரையோடி உயிருக்கே ஆபத்து நேர்ந்தாலும், அதை விதி என்று எண்ணியவர்கள் அநேகர்.

தகப்பனாரை இழந்த பின் அகமது அமெரிக்கா சென்றார். அங்கே மத்திய மேற்குப் பகுதியில், சோளம் விளையும் சமவெளியின் நடுவே உள்ள ஐயோவா சர்வகலாசாலையில் பல் வைத்தியம் பயின்று, 1915-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது ஐரோப்பாவில் முதல் மகாயுத்தம் மூண்டு ஓராண்டு ஆகியிருந்தது. அவர் உடனே திரும்பவில்லை. பாஸ்டன் நகரத்தில் குழந்தைகளுக்கென்றே நடந்த பார்ஸைத் பல் வைத்தியசாலையில் சேர்ந்து 1918 வரையில் வேலை பார்த்தார். செல்வச் சகோதரர்களின் தர்மத்தால் ஏற்பட்ட அந்த ஸ்தாபனம் ஏழைக் குழந்தைகளின் பற்களைப் பேணுவதைத் தன் பணியாகக் கொண்டது. பிடுங்கவேண்டிய நிலை வருமுன்பே காப்பது எப்படி என்பதை ஒரு வாலிப வைத்தியன் கற்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இங்கே வங்காளத்துப் பெரியார் மற்றொருவரையும் நினைவு கூர்வது பொருத்தமாகும். டாக்டர் பிதான் சந்திர ராய் 1909-இல் சுமார் 1,200 ரூபாயுடன் லண்டன் சென்றார். அங்குள்ள செயின்ட் பார்த்தலோமியு வைத்தியசாலையில் சேர விண்ணப்பித்தபோது, ஆசியாக்காரர் என்ற காரணத்தால் அவரை மறுத்தார்கள். அவர் மறுபடி விண்ணப்பித்தார்; மறுபடி மறுத்தார்கள். முப்பது முறை விண்ணப்பித்த பின்னரே இடம் கிடைத்தது என்பர். உள்ளே புகுந்தவர் 1911-க்குள் வைத்தியத்திலும் சஸ்திர சிகிச்சையிலும் மிக உயர்ந்த இரு பட்டங்களையும் பெற்றுத் திரும்பினார். மறுபடி மனுச் செய்வது மானக்கேடு என்று கருதும் வாலிபர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். வாசல் ஒன்று இருந்து அது சாத்தப்பட்டிருந்தால் தட்டிக்கொண்டே இருப்பது ஆண்மை. வாசலே இல்லாத இடத்தில் சுவரைத் தட்டிப் பயனில்லை. வேறிடம் சென்று கற்றுவந்து வாசல் அமைப்பதே வழி. ராய் முன்னதைச் செய்தார்; அகமது பின்னதைச் செய்தார்.

1919-இல் டாக்டர் அகமது தாயகம் திரும்பினார். அமெரிக்கப் பட்டமும் பாஸ்டன் அநுபவமும் உள்ள பல் வைத்தியர் கல்கத்தாவில் செல்வர்களுக்கு மட்டும் சிகிச்சை செய்து பெரும்பொருள் சேர்த்திருக்கலாம். அதில் எவரும் குறை கண்டிருக்கமாட்டார்கள். அவரோ மறு ஆண்டே, 1920-இல், கல்கத்தாவில் ஒரு பல் வைத்தியக் கலாசாலையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. சர்க்கார் மானியம் இல்லை. சர்வகலாசாலையின் அங்கீகாரம் இல்லை. நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கும் கடை ஒன்றை அவர் நடத்தினார். அதில் வந்த வருமானத்தைக் கொண்டு கலாசாலையை நடத்தினார். தித்திப்புப் பண்டத்தை விற்றுப் பல் வைத்தியம் கற்பித்தார் என்று நகைப்பவர்கள் நகைக்கலாம். அந்நிய சர்க்கார் பொறுப்பேற்காத ஒரு காரியத்தைத் தனி மனிதர் ஒருவர் தம் கைப்பொருளைக்கொண்டு நடத்திய அருமையை நாம் அதில் காண்கிறோம்.

கலாசாலையைத் திறப்பது ஒரு நாள் வேலை. நிலைநிறுத்துவது ஆயுள் முழுதும் செய்யவேண்டிய வேலை. படிக்கப் புத்தகம் வேண்டும். 1928-இல் மாணவர்களுக்கென்று பல் சிகிச்சைமுறை பற்றிய கைந்நூலைத் தாமே எழுதி வெளியிட்டார். தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் அறிவைப் பகிர்ந்துகொள்ளப் பத்திரிகை வேண்டும். 1925-இல் இந்தியப் பல் வைத்தியப் பத்திரிகையைத் தொடங்கி 1946 வரையில் ஆசிரியராக இருந்தார். ஒன்றுகூடி உரிமை பேசச் சங்கம் வேண்டும். வங்காளத்தில் அவர் அமைத்த சங்கமே பின்னர் அகில இந்தியச் சங்கமாக வளர்ந்தது. கற்றவனையும் கல்லாதவனையும் பிரித்துக் காட்டச் சட்டம் வேண்டும். வங்காளப் பல் வைத்தியர் சட்டம் 1939-இல் நிறைவேற அவர் பெரிதும் பாடுபட்டார். சுதந்திரம் வந்த பின் 1948-இல் தேச முழுமைக்கும் பல் வைத்தியர் சட்டம் பிறந்தது. தகுந்த பட்டம் பெற்றவர்களை ஒரு பிரிவிலும், பட்டமின்றியே ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் செய்துவந்தவர்களை மற்றொரு பிரிவிலும் பதிவு செய்யும்படி அச்சட்டம் விதித்தது. பழைய தொழிலாளியின் பிழைப்பைப் பறிக்காமலே புதிய ஒழுங்கை ஏற்படுத்திய ஏற்பாடு அது.

உள்நாட்டில் ஒரு கலாசாலை ஏற்பட்டதனால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். ஜனாப் முகம்மதலி ஜின்னாவின் சகோதரி பாத்திமா ஜின்னா கல்கத்தாவில் இக்கலாசாலையிலேயே பயின்று, 1923-இல் பம்பாயில் பல் வைத்தியசாலை திறந்தார். பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதே அரிதாயிருந்த காலத்தில், ஐயோவா வரை சென்று பயில எத்தனை பெண்களால் முடிந்திருக்கும்? பின்னர் பம்பாயில் 1933-இலும், பின் லாகூரிலும், சென்னையில் 1953-இலும் பல் வைத்தியக் கலாசாலைகள் எழுந்தன.

1947-இல் தேசம் பிரிந்தபோது டாக்டர் அகமது பிறந்த ஊர் பாகிஸ்தானைச் சேர்ந்தது. அவர் கல்கத்தாவிலேயே இருந்தார். 1949-இல், தாம் ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் கட்டி வளர்த்த கலாசாலையை மேற்கு வங்காள சர்க்காருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அதன் பின்னரே அது கல்கத்தா சர்வகலாசாலையுடன் இணைந்தது. அங்கீகாரம் வந்தபோது, அங்கீகரிக்கப்பட்ட பொருள் அவருடையதாக இல்லை, ஜனங்களுடையதாக இருந்தது. 1950 முதல் 1962 வரையில் டாக்டர் ராயின் மந்திரி சபையில் விவசாயம், கூட்டுறவு, அகதிகள் நிவாரணம், புனர்வாழ்வு முதலிய இலாகாக்களை அவர் வகித்தார். தாம் பிறந்த மண்ணிலிருந்து வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு உதவும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 1964-இல் சர்க்கார் அவருக்குப் பத்ம பூஷண் விருதளித்தது. 1965 பிப்ரவரியில் காலமானார். அவர் நிறுவிய கலாசாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இன்று இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பல் வைத்தியக் கலாசாலைகள் இருக்கின்றன. அகமதுக்கு இல்லாத வாசல் இன்றைய வாலிபனுக்கு உண்டு. ஆகவே அவர் கடல் கடந்தார் என்பதை மட்டும் காட்டி நாமும் கடல் கடப்போம் என்று சொல்வது தர்க்கமாகாது. அந்நியப் பட்டம் பெற்று வருகிறவன் இங்கே தொழில் செய்யுமுன் தகுதியை நிரூபிக்கவேண்டிய பரீட்சையும் காத்திருக்கிறது; தரகர்கள் பேச்சில் அது பெரும்பாலும் வருவதில்லை. ஓராண்டு பொறுத்து மறுபடி எழுதுவதால் வாலிபன் இழப்பது ஓராண்டே. தகுதியற்ற கலாசாலையைத் தேடிக் கடல் கடந்தால் இழப்பது குடும்பத்தின் நிலம். உள்நாட்டில் கிடைக்காத நுட்பமான கல்வியை நாடிச் செல்பவனுடைய விஷயம் வேறு. அவனைத் தடுப்பது அறியாமை.

ஆதலால் வாலிபர்களே, உங்களை நீங்கள் கேட்கவேண்டியது எந்தக் கரை என்பதன்று. நாம் தேடும் கல்வி இங்கே இல்லையா, அல்லது இங்கே இருந்தும் பொறுமைதான் இல்லையா? அங்கே கற்பதை இங்கே கொண்டுவந்து பிறருக்குக் கொடுக்க முடியுமா? இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் வழி தானே புலப்படும். கலாசாலை நிறுவுவது எல்லோருக்கும் கூடிய காரியமன்று. ஆனால் பல் வைத்தியரையே காணாத கிராமங்கள் நம் நாட்டில் இன்னும் எத்தனையோ உள்ளன. எங்கே கற்றவராயினும் அவற்றில் ஒன்றைத் தமதாக ஏற்றுக்கொள்பவர் டாக்டர் அகமதின் மாணவரே என்று நாம் கருதுகிறோம்.