அல்பேர்ட் கால்மெட்

அல்பேர்ட் கால்மெட் (ஜூலை 12, 1863 – அக்டோபர் 29, 1933) பிரெஞ்சு மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். கமீல் கெரானுடன் இணைந்து இவர் உருவாக்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியாக அறியப்பட்டது; பின்னாளில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்தாயிற்று.

வாழ்க்கை

நீஸ் நகரில் பிறந்த கால்மெட் கடற்படை மருத்துவராகப் பணியாற்றினார். 1891 இல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையை நிறுவினார். நல்லபாம்பு நஞ்சுக்கு முறிமருந்து உருவாக்கிய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

பி.சி.ஜி.

1908 இல் லீல் நகரில் இவரும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் வளர்க்கத் தொடங்கினர். முதல் உலகப்போரில் நகரம் செருமானியர் வசமானபோதும் பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி வளர்க்கப்பட்ட கிருமி, நோய் உண்டாக்கும் திறனை இழந்தது. 1921 இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாக இது வாய்வழியே கொடுக்கப்பட்டது.

1930 இல் செருமனியின் லூபெக் நகரில் இம்மருந்து பெற்ற குழந்தைகளில் 70 பேருக்கு மேல் இறந்தனர். அவ்வூர் ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதே காரணம் என்பது விசாரணையில் தெரியவந்தது. தடுப்பூசி மீது தவறில்லை என்றானபோதும் கால்மெட்டின் இறுதி ஆண்டுகள் இத்துயரின் நிழலிலேயே கழிந்தன.

தமிழகத்தில்

1948 இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1955 இல் இராஜாஜி இத்தடுப்பூசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1968 இல் தொடங்கி, அரக்கோணத்தை அடுத்த திருவள்ளூர் வட்டாரம் உள்ளிட்ட அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பேராய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை எனக் காட்டியது. எனினும் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சையில்

பி.சி.ஜி. செலுத்திய எலிகள் புற்றுக்கட்டிகளை எதிர்த்து நிற்பதை 1959 இல் லாயிட் ஓல்டும் உடனாய்வாளர்களும் கண்டனர். 1976 இல் கனடாவின் அல்வாரோ மொராலெஸ், சிறுநீர்ப்பைப் புற்று கொண்ட ஒன்பது நோயாளிகளுக்கு இதனைச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். உயிருள்ள கிருமிக் கரைசல் மெல்லிய குழாய்வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அங்கேயே வைக்கப்படுகிறது. வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள் இது தொடரும். கிருமிகளைத் தாக்கத் திரளும் வெள்ளணுக்கள் புற்றணுக்களையும் அழிக்கின்றன. அமெரிக்கா 1990 இல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. போட்டவருக்குப் புற்றுநோய் வராது என்பது இதன் பொருளன்று. தசையை ஊடுருவாத தொடக்கநிலைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கே இச்சிகிச்சை பயன்படுகிறது.