ழான்-டானியல் கொலாடோன்

ழான்-டானியல் கொலாடோன் (டிசம்பர் 15, 1802 - ஜூன் 30, 1893) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளரும் பொறியாளரும் ஆவார். நீரில் ஒலியின் வேகத்தை அளந்தமைக்காகவும், வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டியமைக்காகவும் இவர் அறியப்படுகிறார். இவற்றுள் இரண்டாவது சோதனை, இன்றைய ஒளியிழைகள் இயங்கும் அடிப்படைக் கோட்பாட்டைக் கண்கூடாகக் காட்டியது. எனினும் அதற்கான பெருமை நெடுங்காலம் ஜான் டின்டால் என்ற அறிவியலாளருக்கே வழங்கப்பட்டு வந்தது.

வாழ்க்கைக் குறிப்பு

கொலாடோன் ஜெனீவாவில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்ற இவர், பின்னர் இயற்பியலில் ஈடுபாடு கொண்டு பாரிசு சென்று அம்பியர், ஃபூரியே ஆகியோரின் ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார். 1829 இல் பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1839 இல் ஜெனீவாவுக்குத் திரும்பி, அங்குள்ள உயர்கல்விக் கழகத்தில் இயந்திரவியல் கற்பித்தார்.

நீரில் ஒலியின் வேகம்

1826 இல் கொலாடோனும் அவருடைய நண்பரான கணிதவியலாளர் சார்லஸ் ஸ்டர்மும் ஜெனீவா ஏரியில் இரண்டு படகுகளைக் கொண்டு சோதனை நடத்தினர். படகுகளுக்கு இடையே சுமார் 13.5 கிலோமீட்டர் தொலைவு இருந்தது. ஒரு படகில் நீருக்கடியில் மணி அடிக்கப்பட்ட அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. மற்றப் படகில் இருந்தவர் வெளிச்சத்தைக் கண்ட நேரத்துக்கும், நீரில் அமிழ்த்திய குழல் வழியே மணியோசையைக் கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் நொடிக்கு 1435 மீட்டர் என்ற மதிப்புக் கிடைத்தது. தற்கால அளவீட்டிலிருந்து இது சில மீட்டர்களே வேறுபடுகிறது. நீர்மங்களின் அமுங்குதன்மை பற்றிய ஆய்வுக்காக, 1827 இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இருவருக்கும் பெரும் பரிசு வழங்கியது.

ஒளித்தாரை

துளைகளிலிருந்து பாயும் நீர்த்தாரையின் வடிவத்தை மாணவர்களுக்குக் காட்ட விரும்பிய கொலாடோன், அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெளிவாகத் தெரியாததைக் கண்டார். எனவே 1841 இல் சூரிய ஒளியைக் குழாய் வழியாக மேசைக்குக் கொண்டுவந்து, வில்லை ஒன்றின் மூலம் நீர்த்தொட்டியின் எதிர்ப்பக்கத் துளையில் குவியச் செய்தார். துளைக்குள் நுழைந்த ஒளி வெளியேறாமல், தாரையுடன் வளைந்து சென்றது. நீரின் ஓரத்தில் சுமார் 49 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் படும் ஒளி, காற்றுக்குள் செல்லாமல் முழு அக எதிரொளிப்பு அடைவதே இதற்குக் காரணம். தாரை துளிகளாக உடையும் இடத்தில் ஒளி சிதறியது. இச்சோதனை பற்றிய இவரது கட்டுரை 1842 இல் வெளியானது. அக்காலத்திலேயே பாரிசில் ஜாக் பாபினேயும் இதையொத்த விளைவை அறிவித்தார்.

டின்டால் இலண்டனில் இதைச் செய்து காட்டியது 1854 இல், அதாவது கொலாடோனின் கட்டுரைக்கு 12 ஆண்டுகள் கழித்தே ஆகும். ஆயினும் 20-ஆம் நூற்றாண்டில் ஒளியிழை பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவும் டின்டாலையே முன்னோடியாகக் குறிப்பிட்டன. 1999 இல் ஜெஃப் ஹெக்ட் வெளியிட்ட ஒளியிழை வரலாற்று நூல், கொலாடோனின் முன்னுரிமையை விரிவாக எடுத்துக்காட்டியது.

ஒளியிழை இணைப்பிகளுடன் ஒப்புமை

கொலாடோன் ஒளியிழையையோ இணைப்பிகளையோ உருவாக்கவில்லை. ஆனால் ஒடுங்கிய ஒரு வழிக்குள் ஒளியைச் சரியாக நுழைத்தல், வழி முறியும் இடத்தில் ஏற்படும் இழப்பு ஆகிய இரண்டும் அவரது சோதனையிலேயே வெளிப்பட்டன. இன்றைய இணைப்பிகளின் வடிவமைப்பும் இவற்றையே எதிர்கொள்கிறது. ஒற்றைமுறை இழையின் ஒளி செல்லும் உள்ளகம் சுமார் 9 மைக்ரோமீட்டர் விட்டமே உடையது. ஆகையால் இரு இழைகளின் முனைகளும் துல்லியமாகத் துளையிடப்பட்ட பீங்கான் உருளைகளில் பொருத்தப்பட்டு நேர்நிறுத்தப்படுகின்றன. இடையில் காற்று இருப்பின் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி எதிரொளிக்கும். இதைத் தவிர்க்க, முனைகள் மெருகூட்டப்பட்டு ஒன்றையொன்று தொடுமாறு அழுத்தப்படுகின்றன. சில வகைகளில் முனை 8 பாகை சாய்வாகத் தீட்டப்படுவதால், எஞ்சிய எதிரொளிப்பும் இழை வழியே திரும்பிச் செல்வதில்லை.

பிற பணிகள்

அழுத்தப்பட்ட காற்றினால் துளைக்கருவிகளை இயக்கும் முறையில் கொலாடோன் தேர்ந்தவர். 1872 முதல் 1882 வரை ஆல்ப்ஸ் மலையில் அமைக்கப்பட்ட கோத்தார்டு தொடருந்துச் சுரங்கப் பணியில் இவருடைய காற்றழுத்திகள் பயன்பட்டன. 1884 இல் தமது ஒளித்தாரை பற்றி மீண்டும் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1889 ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் ஒளியூட்டப்பட்ட நீரூற்றுகள் மக்களைப் பெரிதும் கவர்ந்தன. கொலாடோன் 1893 இல் ஜெனீவாவில் தமது 90-ஆம் வயதில் காலமானார்.